ஆடி வெள்ளி விரதம் என்று சொன்னேன்

2018 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. ஆடிப்பெருக்கும் ஆடி வெள்ளியும் ஒன்றாக வந்த நாள். அன்று இரவு பதினொன்றரை மணிக்குத் திருச்சியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். கட்டிலில் அம்மா. புறங்கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பணியில் இருந்த டாக்டர் என்னிடம் கேட்டார். "அம்மா இன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க? சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்ல டாக்டர். ஆடி வெள்ளி. விரதம் இருந்தாங்க" என்றேன்.

பொய். அம்மா அன்று விரதம் இருக்கவில்லை. 16 நாட்களாக நான்தான் அவள் தட்டில் சோறு விழாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுத இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், டாக்டரிடமும் பிறகு சொன்னேன், மனைவிக்கு அன்றே தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டிய எல்லோரிடமும் சொல்லி முடிக்கவில்லை.

அந்த வருடம் ஜனவரியில் என் எடை 94 கிலோ. உயரம் 168 செ.மீ. 44 வயது. படியேறினால் மூச்சு வாங்கியது, ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்தது. அப்போது தமிழ்நாட்டில் பேலியோ உணவுமுறை வேகமாகப் பரவியிருந்த நேரம். அலுவலகத்தில் ஒருவர் அதில் 20 கிலோ குறைத்திருந்தார். நானும் இறங்கினேன். சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். காலையில் 100 பாதாம், மதியம் முட்டையும் கீரையும், இரவு பனீர் அல்லது கறி. முதல் வாரத்திலேயே 4 கிலோ இறங்கியது.

அந்த 4 கிலோதான் என்னை மாற்றியது. மாவுச்சத்தை நம் உடம்பு கிளைகோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. மொத்தம் ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அந்தக் கையிருப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே சிறுநீரில் போய்விடுகிறது. முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி அதுதான். மறுபடி 2 நாள் சோறு சாப்பிட்டால் திரும்பிவிடும். அப்போது எனக்கு இது தெரியாது. ஒரே வாரத்தில் 4 கிலோ கொழுப்பு கரைந்துவிட்டது, சோறுதான் விஷம் என்று நம்பினேன்.

ஜூன் மாதம் 80 கிலோவுக்கு வந்தேன். பின்னால் குறைந்தது நிஜமான எடை, அதை மறுக்கமாட்டேன். புரதம் கூடியதால் பசி அடங்கியது. ஆனால் சோற்றோடு சேர்ந்து என்னென்ன என் வாழ்க்கையிலிருந்து போயிருந்தன என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. தினம் 4 டம்ளர் சர்க்கரை போட்ட டீ, சாயங்காலம் பஜ்ஜி, வாரத்தில் 3 நாள் இரவு பரோட்டா, டிவி முன்னால் மிக்சர். இவை அத்தனையும் ஒன்றாக நின்றுபோயிருந்தன. பழி சோற்றின் மேல் விழுந்தது.

அதன்பிறகு யாரைப் பார்த்தாலும் அதையே பேசினேன். அலுவலகத்தில் 11 பேருக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அவர்களில் யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. மன்னார்குடிப் பக்கம் கிராமம். 14 வருடமாகச் சர்க்கரை நோய். 152 செ.மீ. உயரம், 51 கிலோ எடை. குறைக்க வேண்டிய எடை என்று அவளிடம் எதுவும் இல்லை. எங்களுக்கு இருந்தது 9 மா நிலம். அம்மா நாற்றுப் பறித்திருக்கிறாள், நெல் அவித்திருக்கிறாள், அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்திருக்கிறாள். குறுவையா சம்பாவா, எந்த அரிசி சோற்றுக்கு, எது இட்லிக்கு, எது பழையதுக்கு என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லுவாள். அப்படிப்பட்டவளிடம்தான் அரிசி கெடுதல் என்று நான் பாடம் நடத்தினேன்.

எனக்குள் ஒரு பயமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அப்பா 2011இல் இறந்தார். சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரம் 2 முறை டயாலிசிஸுக்கு அவரை வண்டியில் வைத்து அழைத்துப் போனது நான். அம்மாவும் அந்தக் கட்டிலில் படுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பயந்தவன் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. எனக்குத் தெரிந்ததே போதும் என்று நினைத்தேன்.

ஜூலை 18ஆம் தேதி அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றே சோற்றை நிறுத்தினேன். "இங்கிலாந்துல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சுட்டாங்கம்மா. சாப்பாட்ட மாத்துனா சர்க்கரை திரும்பிப் போயிரும்" என்றேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து சொன்னாள். "அத்தைக்கு மாத்திரை ஓடிட்டு இருக்குங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க." எனக்குக் கோபம் வந்தது. டாக்டர்கள் மாத்திரை எழுதத்தான் படித்தவர்கள் என்று ஒரு பேச்சு பேசினேன். அந்த வார்த்தைகளை இங்கே திரும்ப எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் அதன்பின் வாயே திறக்கவில்லை.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. "நீ சொன்னா சரிதான் தம்பி" என்றாள். பாதாமை மெல்லப் பல் இல்லை, ஊறவைத்து அரைத்துக் கொடுத்தோம். காலையும் இரவும் தன் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டாள். கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரை. அந்த அட்டை சாப்பாட்டு மேசை மேல்தான் கிடக்கும். அதன் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

வந்தபோது வெறும் வயிற்றில் 148 இருந்த சர்க்கரை, 6ஆம் நாள் 104க்கு வந்தது. அந்த அளவியின் படத்தை அலுவலகக் குழுவில் போட்டேன். கைதட்டல்கள் வந்தன. 10ஆம் நாள் முற்பகல் அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "கண்ண இருட்டிக்கிட்டு வருது தம்பி. கை நடுங்குது." நெற்றியெல்லாம் வேர்வை. "அது கீட்டோ காய்ச்சல்மா. உடம்பு பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். உப்புப் போட்டு எலுமிச்சஞ் சாறு குடி" என்றேன். குடித்தாள். மதியம் சோதித்தபோது 68 காட்டியது. 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. உடனே 3 தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டிய நிலை அது. நான் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த வருடம் மேட்டூர் நிரம்பி, காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. பல வருடங்களுக்குப் பிறகு அப்படி ஒரு பதினெட்டாம் பெருக்கு. அம்மா விடியற்காலையிலேயே எழுந்து எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று 4 வகைக் கலந்த சாதம் கிளறினாள். அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். காதோலை கருகமணி வைத்து, புது மஞ்சள் சரடு கட்டி, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகள் ஒரு உருண்டை உருட்டி அம்மாவிடம் நீட்டினாள். "அப்பாயி, நீங்க ஒரு வாய் வாங்கிக்கங்க." அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அம்மா அந்த உருண்டையை வாங்கிப் பேத்தி வாயிலேயே திருப்பி ஊட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அலுப்பில் இரவு ஒரு முட்டையும் கொஞ்சம் கீரையும் மட்டும் சாப்பிட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டாள். 11 மணிக்கு மகள் ஓடிவந்தாள். "அப்பாயி என்னமோ உளர்றாங்கப்பா." போய்ப் பார்த்தால் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்து அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தத் தலைமுறைப் பெண், வாழ்நாளில் ஒருமுறையும் அப்பா பெயரைச் சொன்னவள் இல்லை. விரலில் குத்தினேன். 38.

அதன் பிறகு நடந்ததுதான் முதலில் சொன்னது. குளுக்கோஸ் உள்ளே போன சில நிமிடங்களில் அம்மாவுக்கு நினைவு தெளிந்தது. நான் சொன்ன பொய் அவள் காதிலும் விழுந்திருக்கிறது. டாக்டர் அவளிடம் குனிந்து கேட்டார். "ஏம்மா, இந்த வயசுல சுகரை வச்சுக்கிட்டு விரதம் இருக்கலாமா? உயிருக்கே ஆபத்து தெரியுமா?" அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "தப்புத்தான்யா. இனிமே இருக்கல" என்றாள்.

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அம்மா கேட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொய் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது. அது இன்னொரு ஆபத்தையும் உண்டாக்கியது என்று அப்போது உறைக்கவில்லை. ஒரு நாள் விரதம்தானே என்று நம்பியதால், 24 மணி நேரம் வைத்துக் கவனித்துவிட்டு, அதே மாத்திரையை அதே அளவில் தொடரச் சொல்லி அனுப்பினார்கள். நான் வீட்டில் சோறு போட ஆரம்பித்துவிட்டேன், அதனால் தப்பித்தோம். பிடிவாதத்தோடு இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் அதே கட்டிலுக்குத் திரும்பியிருப்போம், அல்லது கட்டில் வரைகூடப் போய்ச் சேர்ந்திருக்கமாட்டோம்.

10 நாள் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மாத்திரைச் சீட்டை என் பக்கம் திருப்பி, கிளிமிபிரைடு என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். "இந்த மாத்திரைக்கு உங்க அம்மா சோறு சாப்பிட்டாங்களா இல்லையான்னு தெரியாது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். அவங்க சாப்பிடுற சோத்தையும் கணக்குல வச்சுத்தான் 2 மில்லிகிராம்னு எழுதியிருக்கோம். நீங்க சோத்தை எடுத்தீங்க, மாத்திரையை எடுக்கல." மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு கீழே இறங்கியிருக்காது என்றார். மாவுச்சத்தைக் குறைப்பதே தவறு என்று அவர் சொல்லவில்லை. குறைப்பதற்கு முன்பு வந்திருந்தால் இந்த மாத்திரையைப் பாதியாக்கியிருப்பார் அல்லது நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் புது வகை மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு சோற்றை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் நான் பெருமையாகச் சொன்ன அந்த ஆராய்ச்சியை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். டைரெக்ட் என்று பெயர். 2017 டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 306 பேரை வைத்துச் செய்தார்கள். எடை குறைப்புப் பிரிவில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 20 முதல் 65 வயதுக்குள், அதிக எடை கொண்டவர்கள், நோய் வந்து 6 வருடத்துக்கு உட்பட்டவர்கள். என் அம்மா இதில் ஒன்றிலும் வரமாட்டாள். உணவை மாற்றிய முதல் நாளே அவர்களுடைய சர்க்கரை மாத்திரைகளை டாக்டர்கள் நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. அடுத்து இன்னொன்று: ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி கொண்ட அந்தக் கரைசல் உணவில் ஏறக்குறைய 59 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்துதான் வந்தது. மாவுச்சத்தை ஒழித்ததால் சர்க்கரை திரும்பியது என்று நான் ஊரெல்லாம் சொன்ன ஆராய்ச்சியில், பாதிக்கு மேல் மாவுச்சத்து. அங்கே வேலை செய்தது மொத்தக் கலோரியின் குறைவும், அதனால் இறங்கிய எடையும்.

அதே 2018 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றும் வந்திருந்தது. 609 பேர், 12 மாதம். ஒரு பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள், மறுபாதி மாவுச்சத்தைக் குறைத்தார்கள். முதல் பிரிவில் சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவதில் 6 கிலோ. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு பிரிவிலும் சர்க்கரையையும் மைதாவையும் தள்ளி, காய்கறியைக் கூட்டி, வீட்டில் சமைத்துச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஒரே பிரிவுக்குள்ளேயே 25 கிலோவுக்கு மேல் குறைந்தவரும் இருந்தார், எடை ஏறியவரும் இருந்தார். என் உடம்பில் நடந்ததை வைத்து இன்னொருவர் உடம்புக்குச் சட்டம் எழுத எனக்கு என்ன உரிமை இருந்தது?

சோற்றின் மேல் தப்பே இல்லை என்றும் நான் இப்போது சொல்லவில்லை. நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பும் காயும் ஓரத்தில் பொட்டாகவும் இருப்பது நிஜம். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை என்று ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2025இல் சொன்னது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் நோய் வாய்ப்பு குறைவதாகவும் அதில் தெரியவில்லை. கேழ்வரகுக் களி என்று பெயர் மாற்றி அதே மலையைக் கட்டுகிறவர்களுக்கு இது உறைக்க வேண்டும். சோற்றில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஏதாவது வர வேண்டும். இதைச் செய்ய யாரும் யாரையும் பட்டினி போட வேண்டியதில்லை. இவ்வளவு சாதாரணமான விஷயத்தைத் தெரிந்துகொள்ள நான் அம்மாவின் உயிரை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த 16 நாளில் அம்மா 3 கிலோ குறைந்திருந்தாள். தண்ணீர் கொஞ்சம், தசை கொஞ்சம் என்றார் டாக்டர். 68 வயதில் போன தசை எளிதில் திரும்பாது. அதன்பிறகு நாற்காலியிலிருந்து எழும்போது அம்மா கைப்பிடியை ஊன்ற ஆரம்பித்தாள். வயதினால் எப்படியும் வந்திருக்கும் என்று மனைவி ஆறுதல் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மாத்திரையை மாற்றினார்கள். சர்க்கரையைத் திடீரென்று இறக்காத வகை. இப்போது காலையில் 2 இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை. மதியம் அரை ஆழாக்கு அரிசிச் சோறு, அதற்கு முன்பே ஒரு கிண்ணம் கீரையோ கூட்டோ. 3 மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4இல் நிற்கிறது. அவள் வயதுக்கு இது நல்ல கட்டுப்பாடு என்கிறார்கள். நானும் சோற்றுக்குத் திரும்பிவிட்டேன், 83 கிலோவில் இருக்கிறேன்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டது அந்த வருடம் ஐப்பசியில், ஊரில், வாசல் திண்ணையில். விரதம் என்று பொய் சொன்னதைத்தான் முதலில் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, அம்மனுக்கு இருந்ததாப் போயிட்டுப் போவுது" என்றாள். ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், இரண்டாவது கரண்டி சோற்றுக்கு முன்னால் அவள் கை ஒரு நொடி நிற்கிறது. "போட்டுக்கவா தம்பி?" என்கிறாள். எனக்கு ஊட்டி வளர்த்தவள். போட்டுக்கம்மா என்று சொல்கிறேன். சொன்னாலும் பாதிக் கரண்டிதான் போட்டுக்கொள்கிறாள்.

அந்த 11 பேர் இருக்கிறார்கள். ஆகஸ்டில் அம்மாவுக்கு நடந்ததை அவர்களிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 104 என்று நான் போட்ட படம் குழுவில் அப்படியே இருந்தது, 38 என்ற எண்ணை யாரும் பார்க்கவில்லை. என் பெயர் கெட்டுவிடும் என்று 5 மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜனவரியில்தான் ஒவ்வொருவராகப் பார்த்து, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் யாராவது என் பட்டியலைப் பின்பற்றுகிறார்களா என்று கேட்டேன், டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். 10 பேரிடம் சொல்லிவிட்டேன். 11ஆவது ஆள் அதற்குள் பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார், பழைய எண் வேலை செய்யவில்லை. என்னிடம் பட்டியல் வாங்கியது தனக்காக இல்லை, மாமனாருக்காக என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. மாமனார் காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார்.